வாழைச்சேனையில் ஓடிய கார் இலண்டனில் ஏன் தாவியது?

சென்ற ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வாழைச்சேனையிலுள்ள என் தமக்கையார் வீட்டு விறாந்தையில் ஒரு வழக்கு எழுந்தது. பிரதிவாதி அங்கே இருந்தான். வாதி இலண்டனில் இருந்தான். முன்னவன் தமக்கையாரின் மகன். பின்னவன் என் தம்பியின் மகன். முறையில் மைத்துனர், வயதில் ஓராண்டே வேற்றுமை. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில் பாசிக்குடாக் கடலில் ஒன்றாக நீந்தியவர்கள், அதன்பின் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. ஆயினும் ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்கு, அதாவது இலண்டனிற் பிற்பகல் மூன்றரை மணிக்கு, இருவரும் தத்தம் விளையாட்டுப் பொறியின் முன் அமர்ந்து மோட்டார்ப் பந்தயம் ஓடுவார்கள். கார் ஓடும், கூடவே கதையும் ஓடும். பரீட்சை, பாட்டியின் முழங்கால் வலி, இலண்டன் மழை யாவும் அந்த ஒரு மணித்தியாலத்திற் பேசி முடிந்துவிடும்.

அந்தப் பந்தயமே வழக்காயிற்று. "மச்சான், தோற்கப் போகிற நேரத்தில் நீ கம்பியைக் கழற்றிவிடுகிறாய். உன் கார் அங்கும் இங்கும் தாவுகிறது" என்றான் இலண்டனில் இருப்பவன். "தாவுவது உன் கார். வந்து இடிப்பதும் நீதான்" என்றான் இவன். வார்த்தை தடித்தது. அடுத்த ஞாயிறு பொறி திறக்கப்படவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தமக்கையார் என்னைத் தேடி வந்து, "தம்பி, நீ பௌதிகம் படிப்பித்தவன்தானே? இந்தப் பெட்டிக்கு என்ன வருத்தம் என்று ஒருக்கால் வந்து பார். பிள்ளைகள் இரண்டும் கதைக்காமல் இருக்குதுகள்" என்றார்.

எனக்கு மோட்டார்ப் பந்தயம் தெரியாது. பந்தயத்தில் என் அனுபவம் சைக்கிளோடு நின்றுவிட்டது. ஆனால் ஓர் இயந்திரத்தின் பழுதை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது தெரியும். ஆதலால் மருமகனை அழைத்து, "மனே, முதலில் இணைப்பைத் துண்டித்துவிட்டு நீ தனியாக ஓடிக் காட்டு" என்றேன்.

பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் "லாக்" என்று ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. தனியாக ஓடும்போதும் நம்முடைய காரும் சாலையோர மரங்களும் திக்கித் திக்கி நகருமானால், நோய் பொறியில் இருக்கிறது. தனியோட்டம் எண்ணெய் வழிந்தாற்போலச் சீராகச் சென்று, மற்றவர்களோடு ஓடும்போது அவர்களுடைய கார்கள் மாத்திரம் தாவுமானால், நோய் வழியில் இருக்கிறது. எல்லாம் சீராகத் தோன்றியும், கையில் விசையை அழுத்திய பின் கார் சற்றுப் பிந்தித் திரும்புமானால், தொலைக்காட்சிப் பெட்டியை ஐயுற வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இணைப்புக் கம்பனியோடு சண்டை பிடிக்கும் வீடுகள் பல. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்றாயிருந்தது.

மருமகன் ஓடிக் காட்டினான். முதல் இருபது நிமிடம் குறையொன்றும் இல்லை. பிறகு பொறிக்குள்ளிருந்து மின்விசிறியின் ஓசை எழுந்தது. வரவர அது நெல்லுக் குற்றும் ஆலையின் இரைச்சல் போலாயிற்று. அதன்பின் மரங்கள் திக்கத் தொடங்கின.

இதன் காரணத்தைச் சொல்கிறேன். திரையில் நாம் காண்பது ஓடும் கார் அன்று. ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படும் படங்கள். நல்ல பந்தய விளையாட்டொன்று செக்கனுக்கு 60 படங்களைத் தருகிறது. அப்படியானால் ஒரு படத்தை வரைந்து முடிக்கப் பொறிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஏறக்குறைய 17 பங்கு. அதற்குள் வரைந்து முடியாவிட்டால் பழைய படமே இன்னொரு முறை நிற்கும். நம் கண் அதைத் திக்கலாகக் காணும். பொறி மிகச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது அறவே நின்றுவிடும். அறையின் வெப்பம் 35 பாகை செல்சியசுக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்று பிளேஸ்டேஷன் 5இன் கைந்நூல் சொல்கிறது.

ஆனியில் வாழைச்சேனையின் வெப்பம் எவ்வளவு என்பதை நம்மூரவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அது கச்சான் வீசும் காலம். தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே பெய்துவிட்டு, வறண்டு, மலையிலிருந்து கீழே இறங்க இறங்கச் சூடேறி, கிழக்குக் கரையில் நெருப்புப்போல் வந்து விழுகிறது. அந்தக் காற்றில் மனிதனே நிழல் தேடுகிறான். பொறி எங்கே இருந்தது தெரியுமா? கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிக்குள். அதுவும் போதாதென்று, தூசி படாமலிருக்கத் தமக்கையார் தம் கையாற் பூத்தையல் செய்த துணியொன்றை அதன்மேற் போர்த்தியிருந்தார்! இலண்டனிலிருந்து தம்பி அனுப்பிய பொருள் என்பதால், கோவில் விக்கிரகத்துக்குச் சாத்துவதுபோற் சாத்திய துணி. அதை நீக்கும்படி சொல்ல எனக்கே மனம் வரவில்லை. சொன்னேன். அலுமாரியிலிருந்து வெளியே எடுத்து, நாற்புறமும் ஒரு சாண் இடம் விட்டு, மேசைமேல் வைத்தோம். கழற்றாமலே, காற்றுப் போகும் துளைகளிற் படிந்திருந்த தூசியை மெல்லிய தூரிகையால் அகற்றினோம். கடற்காற்றின் ஈரத்தில் தூசி களிபோல ஒட்டியிருந்தது. அன்றிரவு ஒரு மணித்தியாலம் ஓடியும் இரைச்சல் எழவில்லை.

பொறியின் பிற நோய்களைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். சேமிப்பிடம் நிரம்பி வழிந்தால் புதிய திருத்தங்கள் இறங்கா; விளையாடாதவற்றை அழித்துவிட வேண்டும். படத்தின் அழகு வேண்டுமா, ஓட்டத்தின் வேகம் வேண்டுமா என்று பல விளையாட்டுகள் கேட்கும். பந்தயத்துக்கு வேகத்தையே தெரிய வேண்டும். பிளேஸ்டேஷனை முற்றாக அணைத்து, அதன் பொத்தானை இரண்டாவது ஒலி கேட்கும்வரை ஏறக்குறைய ஏழு செக்கன் அழுத்திப் பிடித்தால், பாதுகாப்பு முறை என்னும் பட்டியல் வரும். அதில் தரவுத்தளத்தை மீளக் கட்டும் கட்டளை உண்டு. சிதறிக் கிடக்கும் கோப்புகளின் அட்டவணையை அது ஒழுங்கு செய்யும். அதே பட்டியலில் யாவற்றையும் அழித்துவிடும் கட்டளையும் இருக்கிறது! கண்ணாடி அணிந்துகொண்டு வாசியுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியோ படத்தை மெருகிடுவதற்காகச் சற்று நேரம் வைத்திருந்து காட்டும் இயல்புடையது. அதன் அமைப்பிற் 'கேம்' என்ற முறையைத் தெரிந்தால் மெருகு குறையும், கைக்கும் கண்ணுக்கும் உள்ள பிணக்கும் தீரும்.

பொறி சீராயிற்று, வழக்கோ தீரவில்லை. இலண்டன் பையனைத் தொலைபேசியில் நானே அழைத்து, "ஒரு சோதனைக்காக மாத்திரம்" என்று வேண்டிக்கொண்டு ஓட வைத்தேன். இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் ஓடினார்கள். கார்கள் தாவின. ஆகவே வழியிலும் நோய் உண்டு.

இங்கே பலரையும் ஏமாற்றும் கருத்தொன்று உண்டு. "எங்கள் இணைப்பு மிக வேகமானது, திரைப்படம் நொடியில் இறங்குகிறதே" என்பார்கள். ஒரு மணித்தியாலப் பந்தயம் ஒரு மணித்தியாலத் திரைப்படத்தைவிட மிகமிகக் குறைந்த தரவையே கேட்கிறது. காரின் இடம், வேகம், திரும்பும் திசை என்னும் சிறு செய்திகள்தாம் செக்கனுக்குப் பலமுறை போய்வருகின்றன. அவை நேரத்தோடு, ஒரே இடைவெளியில் வந்து சேர வேண்டும். வழியின் அகலமன்று, வழியிற் காத்திருக்கும் நேரமே இங்கே பொருள்.

ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புகைவண்டிக்கும் வீதி வாகனங்களுக்கும் ஒரே பாலம். புகைவண்டி வரும் நேரமானால் பஸ், லொறி, சைக்கிள், மீன் பெட்டி கட்டியவன் யாவரும் கரையிற் காத்து நிற்பார்கள். சைக்கிள்காரனுக்குப் பாலத்தின் அகலம் ஒரு பொருட்டன்று; முன்னாற் போகும் புகைவண்டியே அவனைப் பிந்த வைப்பது. வீட்டு ரவுட்டரில் நடப்பதும் அதுவே. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மருமகள் சூம் வகுப்பில் இருந்தாள். தமக்கையாரின் கைத்தொலைபேசி அன்று எடுத்த கலியாணப் படங்களையெல்லாம் யாரும் ஏவாமலே மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. பந்தயத்தின் சிறு செய்திகள் அந்தப் பெரும் பொதிகளின் பின்னே வரிசையில் நின்றன. பொறியிலிருந்து இலண்டன் சென்று திரும்ப எடுத்த நேரத்தை அளந்தோம்: ஒரு கணம் 180 மில்லிசெக்கன், மறு கணம் 600. மில்லிசெக்கன் என்பது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வாறு ஏறி இறங்குவதே கார் தாவுவதற்கு முதற் காரணம்.

படங்கள் இரவு பத்து மணிக்குப் பின் ஏறும்படி செய்தோம். வைஃபையை விட்டு, ரவுட்டரிலிருந்து பொறிக்கு நேரே ஒரு கம்பி இழுத்தோம். கடைத்தெருவிலே 20 மீற்றர் வாங்கி, யன்னல் விளிம்போடு ஒட்டிக் கொண்டுவந்தோம். வைஃபை காற்றிற் பேசுவது. அயல்வீட்டு ரவுட்டர்களும் அதே காற்றிற் பேசுகின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். கம்பி இழுக்க முடியாதவர்கள் 2.4 என்ற அலைவரிசையை விட்டு 5 என்றதைத் தெரிந்து, ரவுட்டரும் பொறியும் ஒரே அறையில் இருக்கும்படி வைத்தால் பெரும்பகுதி குறை நீங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது மின்கம்பியோடு இந்தக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இடியின் வேகம் இரண்டாலும் உள்ளே வரும்.

தாவல் பெரும்பாலும் அடங்கிற்று. ஆனால் சில வேளைகளில் ஒருவன் திறந்த அறைக்குள் மற்றவன் நுழையவே முடியவில்லை. பொறியின் இணைப்புச் சோதனையில் 'நாட் வகை 3' என்று வந்தது. இதைத் தபாலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். வீட்டிலே பத்துப் பேர் இருந்தாலும் வெளியுலகுக்கு விலாசம் ஒன்றுதான். வரும் கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பது ரவுட்டரின் வேலை. யாருக்கென்று அறியாத கடிதத்தை அது வாசலிலேயே திருப்பிவிடும். பிளேஸ்டேஷன் இதை 1, 2, 3 என்று வகுக்கிறது. எக்ஸ்பொக்ஸ் திறந்தது, மிதமானது, கடுமையானது என்கிறது. வீடுகளுக்கு 2 போதும். 3 என்றால் அழைப்புகள் வாசலில் நிற்கின்றன என்பது பொருள். எங்கள் வீட்டிலோ வாசல்காரர் இருவர்! பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்று நானே சென்ற ஆண்டு இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்து, முதலாவதன் பின்னே பூட்டியிருந்தேன். குற்றவாளியைத் தேடிப் போனவன் கண்ணாடியிற் பார்த்துக்கொண்ட கதையாயிற்று. இரண்டாவதை வெறும் வைஃபைப் பரப்பியாக வேலை செய்யும்படி மாற்றி, முதலாவதில் யூபிஎன்பி என்னும் வசதியைத் திறந்ததும் வகை 2 வந்தது. கைத்தொலைபேசிக் கம்பனியின் சிம் போட்ட ரவுட்டர் உள்ளவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு: பல வீடுகளைக் கம்பனியே ஒரு விலாசத்தின் கீழ் வைத்திருக்கும். அதற்கு வீட்டிற் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. பொது விலாசம் ஒன்று தருவார்களா என்று கம்பனியைக் கேட்பதே வழி.

வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் விளையாட்டு நின்றுபோகும் நாட்களும் உண்டு. 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7 என்னும் பெயர்பெற்ற பந்தய விளையாட்டு, திருத்தமொன்றிற் கண்ட பழுதால் 30 மணித்தியாலத்துக்கு மேல் உலகெங்கும் நின்றது. தனியோட்டத்தின் பெரும்பகுதிக்கும் அதற்கு இணைப்பு வேண்டியிருந்ததால், காசு கொடுத்து வாங்கியவர்கள் வெறுந்திரையைப் பார்த்திருந்தார்கள். 2014இல் வெளிவந்த த குரூ என்ற விளையாட்டின் சேர்வர்களை 2024 மார்ச் 31ஆந் தேதி நிறுத்திவிட்டார்கள்; அன்று முதல் அந்தத் தட்டுகள் பயனற்றவை. ஆகவே கம்பிகளைப் பிடுங்குமுன், விளையாட்டின் சேர்வர் நலமா என்று ஒருமுறை விசாரித்தல் நன்று.

இத்தனை செய்தும் இலண்டன் போய்வர எடுத்த நேரம் 170 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்கவில்லை. ஏறி இறங்காமல் ஒரே அளவில் நின்றது, குறையவோ இல்லை. மருமகன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஒரு காகிதத்தை எடுத்தேன்.

வெற்றிடத்தில் ஒளி செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. கண்ணாடி இழைக்குள் அதன் வேகம் ஏறக்குறைய இரண்டு இலட்சம். இங்கிருந்து இலண்டன் நேர்கோட்டில் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். போய்வர 17,400. அதற்கே 87 மில்லிசெக்கன் வேண்டும். ஆனால் கடலடிக் கம்பி நேர்கோட்டிற் செல்வதில்லை. கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் கம்பிகள் அரபிக் கடலைச் சுற்றி, செங்கடலுக்குள் நுழைந்து, எகிப்து நிலத்தைக் கடந்து, மத்தியதரைக் கடலில் மீண்டும் இறங்கி ஐரோப்பாவை அடைகின்றன. 2025 செப்டெம்பர் 6ஆந் தேதி ஜெத்தா அருகே செங்கடலில் இத்தகைய கம்பிகள் அறுந்தபோது, இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளில் இணைய வேகம் குன்றியது. அறுந்தவற்றுள் ஒன்று கொழும்பைத் தொடும் கம்பி. நம் பையன்களின் பந்தயச் செய்திகள் போகும் பாதை அத்தகையது. பெரிய ரவுட்டர் வாங்கினாலும் ஒளியை விரட்ட முடியாது.

"அப்படியென்றால் யார் சொன்னது பொய், மாமா?" என்று கேட்டான்.

இருவரும் மெய்யே சொன்னார்கள். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனில் 55 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. ஒருவன் செய்தி மற்றவனை அடைய 85 மில்லிசெக்கன் என்று கொண்டாலும் அதற்குள் கார் ஏறக்குறைய நாலரை மீற்றர் முன்னே போய்விடும். அது ஒரு காரின் நீளம். பொறி சும்மா இருப்பதில்லை. கடைசியாகக் கிடைத்த செய்தியை வைத்து, இந்நேரம் கார் இங்கே இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. நேர்ச்சாலையில் ஊகம் பலிக்கும். வளைவில் மச்சான் திடீரென்று பிரேக் பிடித்தால், அந்தச் செய்தி வருமுன் இங்கே அவன் கார் நேரே போய் இவனை இடிக்கும்; செய்தி வந்ததும் 'டக்' என்று பின்னே தாவும். இலண்டன் திரையில் இடியே நடந்திராது. இறுதிக் கோட்டிலும் அப்படியே: இருவர் திரையிலும் அவரவர் கார் முந்தி நிற்கலாம். பழைய நாளில் இடையிலே 600 மில்லிசெக்கன் வரை போனபோது, இணைப்பு அறுந்து விழுந்ததும் உண்டு. யாரும் கம்பியைக் கழற்றவில்லை.

அந்தக் காகிதத்தைப் படமெடுத்து இலண்டனுக்கு அனுப்பினான். கால் மணி நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: "சொறி மச்சான். பாட்டிக்கு முழங்கால் எப்படி?"

இப்போது ஞாயிறு ஓட்டத்தைச் சற்று மாற்றிக்கொண்டார்கள். பல பந்தய விளையாட்டுகளில் நேரத்தோடு போட்டியிடும் தனியோட்டம் உண்டு. நண்பன் முன்பு ஓடிய ஓட்டத்தை நிழல்போலப் பக்கத்திலே ஓடவிட்டு, நாம் அதை முந்த முயலலாம். நிழலை இடிக்க முடியாது. அது முன்னரே வந்து சேர்ந்த ஓட்டமாதலால் தாமதமும் இல்லை. இவன் ஓடிவிட்டு நிழலை அனுப்புகிறான். அவன் அதைத் துரத்துகிறான். இடையிலே பேச்சு நடக்கிறது. பேச்சுக்கு 85 மில்லிசெக்கன் ஒரு தடையன்று. நேருக்கு நேர் ஓட வேண்டுமென்று ஆசை வந்தால், வளைவு குறைந்த பாதையைத் தெரிந்து, இடிபட்டால் கோபிப்பதில்லை என்ற ஒப்பந்தத்தோடு ஓடுகிறார்கள்.

சென்ற ஞாயிறு நான் போயிருந்தபோது மூன்றாவது வளைவில் எவ்விடத்திற் பிரேக் பிடிப்பது என்று அரை மணித்தியாலமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். தமக்கையார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். பூத்தையல் துணி தையல் இயந்திரத்தின்மேற் கிடந்தது.